யாருடைய பை? எஸ் எழுத்தில் முடியும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களைக் கற்பித்தல்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒரு மாலை வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு படத்தின் கீழும் 'இன்னாருடைய ஓவியம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினேன். வரைந்தவர் பெயர், அதன் பின் அபாஸ்ட்ரஃபி, ஓர் எஸ், அப்புறம் டிராயிங் என்ற சொல். நாற்பது படங்கள். கை வேகமாக ஓடியது.

மறுநாள் காலை ஒரு மாணவன் தன் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தான். அவன் பெயரைச் சார்லஸ் என்று வைத்துக்கொள்வோம். "மிஸ், என் பேரு சார்லஸ்தானே? இங்க சார்லேன்னு போட்டிருக்கு. அது யாரு?" என்று கேட்டான்.

அருகில் போய்ப் பார்த்தேன். அவன் பெயரில் சி, எச், ஏ, ஆர், எல், இ, எஸ் என ஏழு எழுத்துகள். நான் அபாஸ்ட்ரஃபியை ஆறாம் எழுத்துக்கும் ஏழாம் எழுத்துக்கும் நடுவில் போட்டிருந்தேன். சொல்லின் கடைசியில் எஸ் இருந்தால் அதன் தலைமாட்டில் குறியைப் போட்டுவிடும் பழக்கம் கைக்கு வந்திருக்கிறது. அவனுடைய பெயரிலிருந்தே ஓர் எழுத்தை வெட்டி, அதை உடைமை உருபாக்கிவிட்டேன்.

அந்தப் பிழையைத் திருத்த அரை நிமிடம் ஆனது. பிள்ளைகளின் ஏடுகளில் இதே பிழை ஏன் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது என்று யோசிக்கத்தான் நாளாயிற்று. அப்படி யோசித்ததையும், வகுப்பில் செய்து பார்த்துப் பயன் கண்டதையும் இங்கே பகிர்கிறேன். எழுத்துகளை அவற்றின் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டே படித்தால் எளிதாக இருக்கும்.

ஒரே எழுத்து, ஐந்து வேலை

ஆங்கிலச் சொல்லின் கடைசியில் நிற்கும் எஸ் என்ன செய்கிறது? பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள்.

1. சொல்லின் சொந்த எழுத்தாக இருக்கலாம்: பஸ், கிளாஸ், டிரஸ், லென்ஸ், சார்லஸ்.
2. பன்மையைக் காட்டலாம்: புக்ஸ், பென்ஸ்.
3. உடைமையைக் காட்டலாம்: 'ராமனுடைய' என்ற பொருளில் ராமன்ஸ்.
4. வினைச்சொல்லின் ஈறாக வரலாம்: ஹீ ரன்ஸ்.
5. இஸ் என்ற சொல் சுருங்கி நிற்கலாம்: 'இட் இஸ்' என்பது இட்ஸ் ஆகும்போது.

தமிழில் இந்த வேலைகளுக்குத் தனித்தனி ஈறுகள் உண்டு. பன்மைக்குக் 'கள்', உடைமைக்கு 'உடைய', 'இன்'. ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று எந்தப் பிள்ளையும் மயங்குவதில்லை. ஆங்கிலத்தில் ஐந்து வேலைக்கும் ஒரே எழுத்து. ஓசையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பிள்ளைகளின் குழப்பம் கவனக்குறைவால் வருவதன்று. அந்த மொழியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. இதை முதலில் நாம் ஒப்புக்கொண்டால், திருத்தும்போது நம் குரலில் கோபம் குறையும்.

எஸ்-இல் முடியும் பெயர்ச்சொற்களில் முதல் மூன்று வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன. அதனால் பன்மையைத் தனியாகவும் உடைமையைத் தனியாகவும் நடத்துவது நல்லது. பன்மைக்கு வழிகாட்டி காது. உடைமைக்கு வழிகாட்டி பொருள். இரண்டையும் ஒரே பாடவேளையில் கலந்து நடத்தியதுதான் நான் பல ஆண்டுகள் செய்த தவறு.

பன்மை: காது சொல்லும் விதி

'எஸ், எக்ஸ், இஸட், எஸ்-எச், சி-எச் ஆகியவற்றில் முடியும் சொற்களுக்கு இ-எஸ் சேர்க்க வேண்டும்' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். விதி சரிதான். ஆனால் காரணம் சொல்லாத விதி தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். காரணம் ஓசையில் இருக்கிறது.

பஸ் என்ற சொல்லோடு இன்னொரு 'ஸ்' சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் பாம்பு சீறுவதுபோல் நீட்டுவார்கள். ஒரு பஸ்ஸா, பல பஸ்ஸா என்று கேட்பவருக்குத் தெரியாது. இரண்டு சீறொலிகள் அடுத்தடுத்து நின்றால் ஒன்றாகக் கலந்துவிடும். அவற்றைப் பிரித்துக் காட்ட நடுவில் ஓர் உயிரொலி நுழைகிறது. 'பஸ்-இஸ்' என்று இரண்டு அசையாக ஒலிக்கிறது. அந்த உயிரொலியின் அடையாளம்தான் நாம் எழுதும் இ என்ற எழுத்து.

தமிழில் இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. மணி, அழகு என்ற சொற்கள் சேரும்போது இரண்டு உயிர்கள் மோதாமல் நடுவில் 'ய்' வந்து மணியழகு ஆகிறது. பூ, அழகு சேரும்போது 'வ்' வந்து பூவழகு ஆகிறது. உடம்படுமெய் என்று நாம் நடத்துவது இதைத்தான். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு சீறொலிக்கு நடுவில் ஓர் உயிர் வருகிறது. தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இந்த ஒப்பீடு உடனே பிடிபடும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்தே நடத்தக்கூடிய பகுதி இது.

இதற்குக் கைதட்டும் பயிற்சி போதும். பஸ் என்றால் ஒரு தட்டு. பன்மைக்கு இரண்டு தட்டு. பாக்ஸ், பிரஷ், பெஞ்ச், வாட்ச், கிளாஸ் எல்லாவற்றுக்கும் பன்மையில் ஒரு தட்டு கூடும். புக், பென், கேட் ஆகியவற்றில் கூடாது. ஒருமைக்கும் ஒரு தட்டு, பன்மைக்கும் ஒரு தட்டு. தட்டு கூடினால் எழுத்திலும் அந்த உயிரொலி தெரிய வேண்டும் என்பதே விதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேச்சுத்தமிழில் சொல்லைக் 'க்', 'ஸ்' என்று நிறுத்த நமக்கு வராது. உகரம் சேர்த்துப் 'புக்கு', 'பஸ்ஸு' என்போம். அப்படிச் சொன்னால் தட்டுக் கணக்கு தப்பிவிடும். பயிற்சிக்கு முன் உகரம் இல்லாமல் சொல்லப் பழக்குங்கள். ஐந்து நிமிடம் ஆகும், உச்சரிப்பும் திருந்தும்.

காதை நம்பினால் விதிவிலக்குகள் பலவும் தாமே விளங்கும்.

நர்ஸ், ஹவுஸ், பேஜ், பிரிட்ஜ் ஆகிய சொற்களின் எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஏற்கெனவே இ இருக்கிறது. பன்மையில் தட்டு கூடுகிறது; ஆனால் உயிருக்கான எழுத்து முன்பே இருப்பதால் எஸ் மட்டும் சேர்த்தால் போதும்.

வயிற்றைக் குறிக்கும் ஸ்டொமக் என்ற சொல் சி-எச் என்ற எழுத்துகளில்தான் முடிகிறது. ஆனால் ஓசை 'க்'. சீறொலி இல்லை, தட்டும் கூடாது. ஆகவே எஸ் மட்டுமே. எழுத்தைப் பார்த்து விதி சொல்லும் பிள்ளை இங்கே தவறும். காதால் கேட்கும் பிள்ளை தவறாது.

காதால் மட்டும் தீராதது ஒன்று உண்டு. பஸ், கேஸ் என்ற சொற்களின் பன்மையில் ஓர் எஸ்-ஐ அப்படியே வைத்து இ-எஸ் சேர்ப்பதே பரவலான வழக்கு. ஆனால் குவிஸ் என்ற சொல்லில் இஸட் இரட்டித்த பிறகே இ-எஸ் வரும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும்.

'பத்து பஸ்' ஏன் வருகிறது?

'டென் பஸ்' என்று எழுதும் பிள்ளைக்கு விதி தெரியாது என்று முடிவு கட்ட வேண்டாம். தமிழில் 'பத்து பஸ் வந்தது', 'நாலு மாடு மேயுது' என்று இயல்பாகச் சொல்கிறோம். அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் வழியாக நாமே நடத்துகிறோம். எண் முன்னால் இருக்கும்போது பன்மை உருபு தேவையில்லை என்பது தமிழ்ப் பிள்ளையின் மொழியறிவு. ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் பன்மை ஈறு வேண்டும் என்று இந்த வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பிழை விரைவில் குறைகிறது.

நாம் தமிழுக்குள் கொண்டுவந்த ஆங்கிலச் சொற்களும் ஒரு காரணம். 'ஒரு லேடீஸ் வந்தாங்க' என்கிறோம். லேடீஸ் பன்மை என்பது பேசுபவருக்கு நினைவில் இல்லை. சாக்ஸ், ஷூஸ், சிப்ஸ் எல்லாம் அப்படியே. ஒரு நாள் பிள்ளைகளிடம் 'வீட்டில் சொல்லும் எஸ்-இல் முடியும் சொற்கள்' என்று பட்டியல் எடுங்கள். எவற்றில் எஸ் சொல்லுக்குச் சொந்தம், எவற்றில் பன்மைக்கு வந்தது என்று பிரிக்கச் சொல்லுங்கள். பஸ், கிளாஸ், கேஸ், மிஸ் ஒரு பக்கம். சாக்ஸ், சிப்ஸ், லேடீஸ் மறு பக்கம். இந்தப் பட்டியலே பாதிப் பாடம்.

ஏமாற்றும் எஸ்

எஸ் கண்டதும் பன்மை என்று நினைப்பது ஆங்கிலேயருக்கும் நேர்ந்ததே. பட்டாணிக்கு அவர்கள் மொழியில் பழைய ஒருமைச் சொல் 'பீஸ்'. அதன் கடைசி ஒலியைப் பன்மை ஈறு என்று மக்கள் தவறாக எண்ணி, அதை நீக்கிப் 'பீ' என்று புதிய ஒருமையைப் படைத்துவிட்டார்கள். இன்று அதுவே சரியான சொல். 'லென்ஸ்' என்பதைப் பன்மையாக எண்ணி 'லென்' என்று எழுதும் நம் மாணவன் செய்வதும் இதே வேலைதான். அவனிடம் பட்டாணிக் கதையைச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வான். லென்ஸ் ஒருமை, பன்மையில் இ-எஸ் சேரும்.

பஸ் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அது ஆம்னிபஸ் என்ற சொல்லின் வால். லத்தீனில் அதற்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். கடைசியில் உள்ள 'இபஸ்' அங்கே பன்மைப் பெயருக்கு வரும் வேற்றுமை ஈறு. ஈறு மட்டும் தனியே பிரிந்து ஆங்கிலத்தில் ஒரு வண்டியின் பெயராகிவிட்டது. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஓடும் ஆம்னி பஸ் தலையையும் வாலையும் சேர்த்தே சுமக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

அடிக்கடி எதிர்ப்படும் மற்றவற்றை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

எஸ் இருந்தும் ஒருமையாக நடப்பவை: நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ். இவற்றுடன் இஸ் வரும், ஆர் வராது.

ஒருமையும் பன்மையும் ஒன்றாக இருப்பவை: சீரீஸ், ஸ்பீஷீஸ்.

எப்போதும் பன்மையாக நடப்பவை: கத்தரிக்கோலைக் குறிக்கும் சிசர்ஸ், கால்சட்டையைக் குறிக்கும் டிரவுசர்ஸ். ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 'எ பேர் ஆஃப்' என்று தொடங்க வேண்டும்.

ஐ-எஸ் மாறி இ-எஸ் ஆகுபவை: கிரைசிஸ், பேசிஸ், தீசிஸ், அனாலிசிஸ் போன்ற கிரேக்க வழிச் சொற்கள். பன்மையில் கடைசி அசை 'சீஸ்' என்று நீண்டு ஒலிக்கும்.

யு-எஸ்-இல் முடிபவை: வைரஸ், கேம்பஸ், போனஸ் ஆகியவற்றுக்குச் சாதாரணமாக இ-எஸ் சேர்த்தால் போதும். சிலபஸ் என்பதற்கு மட்டும் சிலபஸஸ், சிலபை என இரண்டு வடிவங்களும் ஏற்கப்பட்டவை. எதை எழுதினாலும் மதிப்பெண் குறைக்கக் கூடாது.

உடைமை: கட்டைவிரல் சோதனை

இப்போது அபாஸ்ட்ரஃபிக்கு வருவோம். பிள்ளைகள் 'மேல் கமா' என்பார்கள். இங்கே காது கைவிட்டுவிடும். பஸ்களைக் குறிக்கும் சொல், ஒரு பஸ்ஸுடைய என்ற சொல், பஸ்களுடைய என்ற சொல் மூன்றும் வாயில் ஒரே மாதிரி 'பஸ்-இஸ்' என்றே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் மூன்று வடிவம். சொல்வதை எழுதுதலில் இவற்றைப் பிள்ளை எப்படிப் பிரிக்கும்? வாக்கியத்தின் பொருள் தெரிந்தால்தான் முடியும்.

இந்த இடத்தில் நம் தாய்மொழி பெரிய துணை. 'மாணவர்களுடைய' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள்: மாணவர், கள், உடைய. முதலில் ஆள், அடுத்துப் பன்மை, கடைசியில் உடைமை. இந்த வரிசை மாறுவதே இல்லை. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். ஸ்டூடன்ட் என்ற சொல், பன்மைக்கு ஓர் எஸ், பிறகு உடைமைக்கான அபாஸ்ட்ரஃபி. அபாஸ்ட்ரஃபி வரும் இடத்தில்தான் தமிழில் 'உடைய' வருகிறது. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் உரிமையாளர்.

இதிலிருந்துதான் வகுப்பில் நாங்கள் கட்டைவிரல் சோதனை என்று பெயரிட்ட பயிற்சி வந்தது. அபாஸ்ட்ரஃபியிலிருந்து வலப்பக்கம் உள்ள அனைத்தையும் கட்டைவிரலால் மூடு. மீதி தெரிவதை வாசி. அதுதான் உரிமையாளரா? ஆம் என்றால் குறி சரியான இடத்தில் இருக்கிறது. இல்லை என்றால் தவறு. அவ்வளவுதான்.

என் சுவரொட்டியில் மூடிப் பார்த்தால் தெரிந்தது 'சார்லே'. அப்படி ஒருவன் வகுப்பில் இல்லை.

ஆசிரியர் தின வாழ்த்துப் பலகையைப் பாருங்கள். செப்டம்பர் 5 ஆசிரியர்கள் எல்லோருக்குமான நாள். எஸ்-க்குப் பிறகு அபாஸ்ட்ரஃபி இருந்தால், விரலால் மூடினாலும் 'டீச்சர்ஸ்' என்று பன்மை தெரியும். எஸ்-க்கு முன்னால் இருந்தால் 'டீச்சர்' என்று ஒரே ஒருவர்தான் தெரிவார். பலகையில் ஒரு குறி இடம் மாறினால் நம்மில் ஒருவருக்கு மட்டுமே விழா!

நவம்பர் 14 குழந்தைகள் தினம். சில்ட்ரன் என்பது ஏற்கெனவே பன்மை. அதில் எஸ் இல்லை. ஆகவே சில்ட்ரன் என்று முழுதாக எழுதி, அபாஸ்ட்ரஃபியும் எஸ்-உம் சேர்க்க வேண்டும். எஸ்-க்குப் பிறகு குறியிட்டவர்கள் மூடிப் பார்த்தால் 'சில்ட்ரன்ஸ்' என்ற இல்லாத சொல் தெரியும். மென், விமன் ஆகியவற்றுக்கும் இதுவே.

அன்னையர் தினத்தின் கதை வேறு. அமெரிக்காவில் அந்நாளுக்காக இயக்கம் நடத்திய அன்னா ஜார்விஸ், குறி எஸ்-க்கு முன்னால்தான் வர வேண்டும் என்று வலியுறுத்தினார். ஒவ்வொரு குடும்பமும் தன் ஒரே தாயைப் போற்றும் நாள் என்பது அவர் எண்ணம். ஒரு குறியின் இடம் ஒரு நாளின் பொருளையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

விதியாகச் சுருக்கினால் இவ்வளவுதான்: உரிமையாளரின் பெயரை முதலில் முழுதாக எழுது. அது எஸ்-இல் முடியும் பன்மையாக இருந்தால் அபாஸ்ட்ரஃபி மட்டும் போடு. மற்ற எல்லாவற்றுக்கும் அபாஸ்ட்ரஃபியும் எஸ்-உம் போடு.

ஆகவே ஒரு பஸ்ஸுடைய ஓட்டுநர் என்றால் பி-யு-எஸ் முழுதாக எழுதி, குறியும் இன்னோர் எஸ்-உம். பல பஸ்களுடைய ஓட்டுநர்கள் என்றால் பன்மையை முழுதாக எழுதிக் குறி மட்டும். ஆங்கில ஆசிரியையை 'மிஸ்' என்று அழைக்கும் பிள்ளைகளுக்கு 'மிஸ்ஸோட பேனா' நல்ல எடுத்துக்காட்டு. எம்-ஐ-எஸ்-எஸ் எழுதி, குறியிட்டு, மூன்றாவதாக ஓர் எஸ். பார்க்க வியப்பாக இருக்கும். விரலால் மூடினால் 'மிஸ்' அப்படியே தெரிவார்.

சார்லஸுக்கு எத்தனை எஸ்?

இங்கே ஆசிரியர்களுக்குள்ளேயே வாதம் வரும். சார்லஸ் என்று எழுதி அபாஸ்ட்ரஃபி மட்டும் போட்டால் போதுமா, இன்னோர் எஸ் வேண்டுமா? இரண்டும் அச்சில் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் வெளியிட்ட 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' நூலின் முதல் விதி, ஒருமைப் பெயர் எந்த மெய்யில் முடிந்தாலும் குறியும் எஸ்-உம் சேர்க்கச் சொல்கிறது. அதற்கு அவர் தரும் முதல் எடுத்துக்காட்டே சார்லஸ் என்ற பெயர்தான். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடோ எஸ்-இல் முடியும் சிறப்புப் பெயர்களுக்குக் குறி மட்டும் போதும் என்கிறது. இயேசு, மோசே ஆகியோரின் ஆங்கிலப் பெயர்களுக்கும் குறி மட்டும் இடுவது நெடுநாள் மரபு.

இங்கிலாந்திலேயே இரண்டையும் பார்க்கலாம். லண்டனில் உள்ள செயின்ட் ஜேம்ஸஸ் பூங்காவின் பெயரில் குறிக்குப் பிறகு இன்னோர் எஸ் உண்டு. நியூகாசில் கால்பந்து மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் பெயரில் குறி மட்டும்தான்.

வகுப்பில் நான் கடைப்பிடிப்பது இது. பேசும்போது 'சார்ல்ஸ்-இஸ்' என்று ஓர் அசை கூட்டிச் சொல்கிறோம். ஆகவே எஸ் சேர்த்து எழுதப் பழக்குகிறேன். வகுப்பின் பாடநூலில் வேறு வடிவம் இருந்தால் அதைப் பின்பற்றுகிறேன். விடைத்தாளில் எது இருந்தாலும் மதிப்பெண் தருகிறேன். இரண்டு வடிவத்திலும் பெயர் முழுதாக இருக்கிறது. பெயருக்குள் குறி நுழைந்தால் மட்டுமே தவறு. பிரான்சிஸ், தாமஸ், யூனுஸ், இலியாஸ், அப்பாஸ், ஜேம்ஸ் என்று எஸ்-இல் முடியும் பெயர்கள் நம் வருகைப் பதிவேடுகளில் நிறைய இருக்கின்றன. அவரவர் பெயரிலேயே இந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.

குறி வேண்டாத இடங்கள்

அபாஸ்ட்ரஃபியைக் கற்றதும் பிள்ளைகள் எல்லா எஸ்-க்கும் அதைத் தூவத் தொடங்குவார்கள். கடைப் பலகைகளிலும் வெறும் பன்மைக்குக் குறியிட்டிருப்பதைக் காண்கிறோம். யாரும் எதையும் உடைமையாகக் கொள்ளாத இடத்தில் குறி வேண்டாம். 'யாருடைய?' என்று கேட்டுப் பார். விடை இல்லையென்றால் குறியும் இல்லை.

உடைமைப் பொருள் இருந்தும் குறி வராத சொற்கள் சில உண்டு: ஹர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், 'அதனுடைய' என்ற பொருளில் வரும் இட்ஸ். இந்த இட்ஸ்-இல் குறியிட்டால் 'இட் இஸ்' என்று பொருள் மாறிவிடும். 'அது' என்று விரித்துச் சொல்ல முடிகிறதா, 'அதனுடைய' என்று சொல்ல முடிகிறதா என்று தமிழில் கேட்டாலே போதும்.

மேல்வகுப்புப் பிள்ளைகள் 'இந்தக் குறி எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால், பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு உடைமை ஈறு இ-எஸ் என்று இருந்ததையும், பின்னாளில் அந்த இ மறைந்ததையும் சொல்லலாம். விட்டுப்போன எழுத்தைக் காட்டும் குறியாக அபாஸ்ட்ரஃபி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கில அச்சுக்கு வந்தது. பன்மை உடைமைக்கு எஸ்-க்குப் பிறகு குறியிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ஆங்கிலேயருக்கே இதை ஒழுங்குபடுத்த இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

வகுப்பறைக்கு மூன்று செயல்பாடுகள்

பெயர்ச்சீட்டு: தொடக்க வகுப்புகளுக்கு. பை, குடை, தண்ணீர்ப் புட்டி முதலியவற்றை மேசையில் வைத்து, 'யாருடைய பை?' என்று தமிழில் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் சீட்டெழுதி ஒட்டச் செய்தல். ஒட்டும் முன் பக்கத்துப் பிள்ளை கட்டைவிரல் சோதனை செய்ய வேண்டும்.

தட்டும் குழு: இரண்டு குழுக்கள். ஒரு குழு ஒருமையைச் சொல்ல, மறு குழு பன்மையைத் தட்டிக்காட்டி எழுத்துக்கூட்ட வேண்டும். ஸ்டொமக், நர்ஸ், குவிஸ் போன்றவற்றை இடையிடையே கலந்துகொள்ளுங்கள்.

எத்தனை பேர்: எட்டாம் வகுப்புக்கு மேல். குறியின் இடம் மட்டும் மாறிய இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் உரிமையாளர் ஒருவரா, பலரா என்று படம் வரைந்து காட்டச் செய்தல். 'என் சகோதரியின் வீடு', 'என் சகோதரிகளின் வீடு' என்ற தொடர்கள் இதற்கு ஏற்றவை.

திருத்தும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு வட்டம் போடாமல், பிழை எந்த வகை என்று ஓர் எழுத்தால் குறித்துவிடுங்கள். ஓசைப் பிழைக்கு 'ஓ', பொருள் பிழைக்கு 'பொ', எழுத்துக்கூட்டல் பிழைக்கு 'எ'. 'ஓ' விழுந்தவர் தட்டிப் பார்க்க வேண்டும். 'பொ' விழுந்தவர் விரலால் மூடிப் பார்க்க வேண்டும். 'எ' விழுந்தவர் அகராதியைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.

அன்று அந்தப் படத்தின் சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். பெயரின் ஏழு எழுத்துகளையும் முடித்து, குறியிட்டு, இன்னோர் எஸ் எழுதினேன். அவன் கட்டைவிரலை வைத்து மூடிப் பார்த்தான். பிறகு பக்கத்துப் படத்துக்குப் போய், அங்கும் விரலை வைத்துப் பார்த்தான். நாற்பது படங்களையும் அவனே சோதித்து முடித்தான். இன்னொரு படத்திலும் என் பிழை ஒன்று இருந்தது.